இத்தா வீட்டு யன்னலுக்கு இரண்டு திரை

போன வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். வாசலில் த்ரீவீலர் வந்து நின்ற சத்தம். இறங்கியவள் ஹாஜரா — என் கணவரின் தங்கை. ஒரு கையில் கறுப்புத் துணிச் சுருள். மறு கையில் சுத்தியல். தோளில் தொங்கிய ஹேண்ட்பேக்குக்குள் ஆணிகள் கலகலவென்று ஆடின.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள். பிஸ்கட் பெட்டி கொண்டு வருவார்கள். சுத்தியலோடு வந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸலாம் சொன்னாள். பதில் ஸலாம் சொல்லி நான் வாயை மூடுவதற்குள், "மதினி, ஒங்கட யன்னலுக்கு ஆணி அடிக்க வந்தேன்" என்றாள்.

இந்தப் பக்கத்தைக் கிழமைதோறும், ஒரு வாரம் தவறாமல் படிக்கிற உங்களுக்கு என் வீட்டுச் செய்தி தெரியும். என் கணவர் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. நான் இத்தா இருக்கிறேன். மற்ற மதத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் கூடாது. அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. அதுதான் இத்தா.

அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷம் ஒன்றாகச் சோறு தின்ற மனுஷனுக்கு நான்கு மாதம் பத்து நாள் அதிகமா? இரண்டு மடங்கு கேட்டாலும் இருப்பேன்.

ஆனால் எங்கள் ஆட்கள் அதோடு நிற்பதில்லையே. யன்னலை அடை. கதவிடுக்கில் துணியைத் திணி. லைட்டைக் குறை. என் உம்மா இத்தா இருந்த அறையின் யன்னலுக்குச் சாக்கு அடித்திருந்தார்கள். இத்தா முடிந்து வெளியே வந்த அன்று, முற்றத்து வெயிலில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். உடம்பு முழுக்க வேர்க்குரு.

எனக்கு இப்படி நடக்க விடமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானித்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொய். அன்றைக்கு எனக்குப் பதினேழு வயது. பயந்தேன், அவ்வளவுதான். தீர்மானித்தது இப்போது, எழுபத்தொரு வயதில்.

சரி… யன்னலுக்கு வருவோம்.

எங்கள் வீடு கண்டக்குழியில், கரையோடு. என் அறையின் யன்னல் கடலைப் பார்த்தது. யன்னலுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மட்டும்தான். சண்டை முடிந்த பிறகு பக்கத்து வளவில் கபானாக்கள் வந்தன, உல்லாசப் பயணிகள் தங்குகிற குடில்கள். கபானாவுக்கு வெள்ளைக்காரர் வந்தார்கள். வெள்ளைக்காரரோடு பட்டம் வந்தது. காலில் பலகையைக் கட்டி, இடுப்பில் பட்டத்தைக் கட்டி, கடலுக்கு மேலால் பறக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் மேலுக்கு ஒன்றும் போடுவதில்லை. அவர்கள் கடலுக்குப் போகிற வழி? என் யன்னலுக்கு முன்னால்!

அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது என்று இருக்கிற எனக்கு, அரை உடுப்போடு அந்நிய ஆண்கள் அணிவகுத்துப் போகிறார்கள். என்ன செய்ய?

முதல் கிழமை வெறும் யன்னல் சீலைதான். கரையில் வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பின்னேரக் கடற்காற்று வந்தால் சீலை யன்னலில் நிற்காது, முகட்டில் நிற்கும். கட்டிலில் இருந்தபடியே நான் ஊருக்குக் காட்சிப்பொருள். யன்னலைச் சாத்தலாம்தான். ஆனால் இது கூரைக்கு ஷீட் போட்ட வீடு. யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பதும் பாண் சுடுகிற போறணை அடுப்புக்குள் இருப்பதும் ஒன்று.

பிளைன்ட்ஸ் கதையை எடுத்தவள் மகள் நஸ்ரியா. புத்தளத்தில் பல் டாக்டர் ஒருவரின் அறையில் பார்த்தாளாம். பட்டை பட்டையாக இருக்குமாம். கயிற்றை இழுத்தால் மேலே ஏறும், கோலைத் திருப்பினால் பட்டைகள் சரியும். உள்ளே இருப்பவர்க்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது.

"கொண்டு வரச் சொல்லு" என்றேன்.

கடைக்காரர் அளவெடுக்க நேரில் வருகிறேன் என்றார். இத்தா வீட்டு அறைக்குள் அளவுநாடாவோடு ஓர் ஆம்பிளை வந்து போனால் ஊர் என்ன கதைக்கும்? வேண்டாம், அளவை நானே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அளவுநாடா இல்லை. தங்கூசி இருந்தது. வலைக்காரன் வீட்டில் நைலோன் நூலுக்கா பஞ்சம்? யன்னலின் இந்த ஓரத்தில் நஸ்ரியா பிடித்தாள். அந்த ஓரத்துக்கு நான் இழுத்தேன். நன்றாக, விறைக்க இழுத்தேன். வெட்டி, சுருட்டி, கடிதவுறைக்குள் போட்டுக் கடைக்கு அனுப்பினோம்.

தங்கூசி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கடற்கரையில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக் கூடத் தெரிந்த விஷயம். எனக்கு அந்த நேரம் தெரியவில்லை.

பிளைன்ட்ஸ் வந்தது. நஸ்ரியாவின் மாப்பிள்ளை, என் மருமகன், மாட்டித் தந்தார். பார்த்தால்… இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளி! நஸ்ரியா சிரித்த சிரிப்பைக் கேட்டு, இத்தா வீட்டில் சிரிப்பா என்று அதற்கும் யாராவது புறப்பட்டு வந்துவிடுவார்களோ என்று பயந்தேன். என் கணவர் இருந்திருந்தால் மூன்று நாள் விடாமல் சிரித்திருப்பார்.

திருப்பி அனுப்பவில்லை. என் பிழையை நானே மூடினேன். பிளைன்ட்ஸ் யன்னல் சட்டத்துக்குள் இருக்கட்டும் என்று விட்டேன். அதற்கு மேலால், அறைப் பக்கமாகப் பழைய தடித்த சீலை. கம்பியை இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி அடிக்கச் சொன்னேன், ஓரத்து இடைவெளியும் சேர்ந்து மறையட்டும் என்று. காற்றுக்கு என்ன செய்வது? கொட்டிலில் கிழிந்த வலை ஒன்று கிடந்தது.

"வாப்பாட வலைய வெட்டப் போறீங்களா, உம்மா?" என்று நஸ்ரியா கேட்டாள்.

"கிழிஞ்ச வலையால மீனுக்கும் பிரயோசனம் இல்ல, நமக்கும் இல்ல. கத்தரிக்கோல எடு."

வலையின் அடியில் இருந்த ஈயக்குண்டுகளைக் கழற்றி, சீலையின் கீழ் மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்தேன். கடலுக்குள் வலையைப் பிடித்து நிறுத்துகிற ஈயம் என் சீலையைப் பிடிக்காதா?

பகலில் சீலையை ஒதுக்கிவிடுவேன், பட்டை மட்டும் தொங்கும். வெளிச்சம் வரும், காற்று வரும், கடல் வரும், நான் மட்டும் வெளியே போகமாட்டேன். லைட் போடுகிற நேரம் சீலையை இழுத்துவிடுவேன். பட்டை வெளிச்சத்துக்கு, சீலை மானத்துக்கு.

இந்த ஏற்பாட்டைத்தான் யாரோ பார்த்து, யாருக்கோ சொல்லி, அது கண்டக்குழியிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஹாஜரா சுத்தியலோடு திரும்பி வந்திருக்கிறாள்.

அறைக்குள் வந்தவள் யன்னலை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தா றூமா மதினி இது, பேங்கா? மெனேஜர் எங்க?"

"மெனேஜர் நான்தான். உக்காரு. என்ன அலுவல்?"

"பகிடி உடாதீங்க. ஊர்ல என்ன கதைக்கிறாங்க எண்டு தெரியுமா? மாப்புள மௌத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல, மதினி யன்னல்ல குந்திக்கிட்டு வெள்ளக்காரன் பட்டம் உடுறத பாக்கிறாவாம்."

"ஓம். பாக்கிறேன். நேத்து ரோஸ் கலர் ஒண்டு நல்லாப் போச்சு."

"யா அல்லாஹ்!"

"ஹாஜரா, அவங்க கண்ணுல நான் படக் கூடாது. கடல் என்ட கண்ணுல படக் கூடாது எண்டு ஆரு சொன்ன? சூரியன் எனக்கு அந்நிய ஆம்புளையா?"

"நாலாம் வகுப்போட நிண்ட நீங்க மார்க்கம் பேசுறீங்களா?"

"நீ அஞ்சாம் வகுப்பு படிச்சனி. நீ சொல்லு. யன்னல ஆணியடிச்சு மூடு எண்டு எந்தக் கிதாபுல இரிக்கி?"

பதில் இல்லாதபோது எங்கள் ஆட்கள் சொல்கிற ஒன்றை அவளும் சொன்னாள்: "நம்மட ஆக்கள் காலங்காலமாச் செய்றது."

சொல்லிவிட்டுக் கறுப்புத் துணியைக் கட்டிலில் விரித்தாள். நஸ்ரியாவைப் பார்த்து, "கதிரைய இங்கால போடு மகள், எனக்கு எட்டாது" என்றாள். நஸ்ரியா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம். கணவரின் குடும்பத்தில் இப்போது மூத்தவள் ஹாஜராதான். அவள் வாயால் ஒரு சொல் வந்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் அதைத் தாண்டமாட்டார்கள். இன்று அவளை அனுப்பிவிட்டால் நாளைக்குப் பத்துப் பேரோடு வருவாள். அன்றைக்கு அந்த ஆணி ஏறியிருந்தால், மிச்ச நாள் அத்தனையும் எனக்கு இருட்டுத்தான்.

நான் எழும்பிக் கதிரைக்கு முன்னால் நின்றேன்.

"ஹாஜரா, ஒரு கதை. நீ வெளியில போ. வெள்ளக்காரன் நடக்கிற இடத்துல நில்லு. என்ட ஒரு விரல் தெரிஞ்சாலும் வந்து ஆணி அடி. நானே கதிரையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒண்டும் தெரியாட்டி?"

"தெரியும்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

நான் பட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நஸ்ரியாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு ஹாஜராவின் போனுக்கு அழைப்பெடுத்தோம். ஹாஜரா மணலில் நின்றாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் போனாள். வலது பக்கம் போனாள். குனிந்தும் பார்த்தாள்.

"ஹாஜரா, எத்தன விரல் காட்டுறேன்?"

"விரலா? ஆளையே காணல்ல. நீங்க அங்க இரிக்கிறீங்களா, குசினிக்குப் போயிட்டீங்களா?"

வெளியே வெயில், உள்ளே நிழல். வெயிலில் நிற்கிற கண்ணுக்கு நிழலில் இருப்பது பிடிபடாது. சரிந்த பட்டையும் நடுவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஓரத்து மூன்று விரல் இடைவெளிக்குள்ளும் எட்டி எட்டிப் பார்த்தாள். சீலையை ஓரங்களில்தான் ஒதுக்கியிருந்தேன். அங்கே அவளுக்குச் சீலையின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் பட்டத்தோடு கடலில் இறங்கினார். ஹாஜரா திரும்பினாள். திரும்பியவள் திரும்பியபடியே நின்றுவிட்டாள். மனுஷன் தண்ணீரை விட்டு ஒரு தென்னை உயரம் எழும்பினார். ஹாஜராவின் வாய் திறந்தது. இன்னொரு முறை எழும்பினார். காற்று பிசகித் தொப்பென்று விழுந்தார். ஹாஜரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். போன் அவள் கையில் இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஹாஜரா" என்றேன்.

துள்ளிப்போனாள்.

"முக்காடு சரிஞ்சிரிக்கி. சரி செஞ்சிக்க."

"அல்லாஹ்! நீங்க என்னப் பாக்கிறீங்களா?"

"நீ மணல்ல எறங்கினது முதலாப் பாக்கிறேன்."

வந்து சேர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் விடுகிறவளா? என் கணவருக்குத் தங்கையாயிற்றே!

"பகல்ல தெரியல்ல, ஓம். மஹ்ரிபுக்குப் பொறகு லைட் போட்டாத் தெரியும். நிண்டு பாத்துட்டுத்தான் போவேன்."

"நில்லு. சோறும் தின்னு."

நின்றாள். சோறும் தின்றாள். நெத்தலிச் சொதிக்கு உப்புக் குறைவு என்றும் சொன்னாள்.

மஹ்ரிப் தொழுகை முடிந்தது. வெளியே மங்கிவிட்டது. அறையில் லைட்டைப் போட்டோம். அன்றைக்கென்று பார்த்துக் காற்றும் எழும்பியது. சும்மா காற்றில்லை. கபானாக்காரர்கள் கதிரைகளை ஓடி ஓடிப் பொறுக்குகிற அளவுக்குக் காற்று. ஈயம் தைத்து ஒரு கிழமைதான். இப்படியொரு காற்றுக்கு அது இன்னும் முகம் கொடுக்கவில்லை.

போனில் ஹாஜராவின் குரல்: "ஓம்! தெரியுது! தல தெரியுது, தோள் தெரியுது. பட்டைக்கு இடையால நல்லாத் தெரியுது மதினி!"

எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்!

"தெரியும்தான். இருட்டினாப் பொறகு வெறும் பட்டையோட ஆரு இருப்பா?" என்று சொல்லிக்கொண்டே சீலையை இழுத்துவிட்டேன். "இப்ப?"

"இப்ப… இல்ல. பொறுங்க. காத்து வருது. தூக்கும்."

காற்று வந்தது. பட்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. சீலை வயிறு வைத்துப் புடைத்தது, மாசமாக இருக்கிற பெண்ணைப் போல. நஸ்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சீலையின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் இழுபட்டது… ஈயங்கள் ஒன்றோடொன்று இடித்தன… ஒரு விரல் எழும்பியது. மறுபடி இறங்கி அப்படியே நின்றது.

அடுத்த காற்றுக்கும் நின்றது. அதற்கடுத்ததற்கும்.

போனில், காற்றுச் சத்தத்துக்கு நடுவே, "ஒண்டும் தெரியல்ல, மதினி" என்றாள். பகலில் இருந்த குரல் இல்லை அது.

உள்ளே வந்தாள். நான் வெற்றி கொண்டாடத் தயாராக இருந்தேன். என்ன சொல்லி மட்டம் தட்டலாம் என்று இரண்டு மூன்று வார்த்தை கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக யன்னலடிக்குப் போனாள். சீலையைத் தொட்டுப் பார்த்தாள். அடி மடிப்பை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலு மாசமும் பத்து நாளும்" என்றாள், "நான் செவரப் பாத்துக்கிட்டு இருந்தேன் மதினி. விடிஞ்சதா, பொழுது பட்டதா எண்டு பாங்கு சொன்னாத்தான் தெரியும். முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு எனக்கு வெளியில எறங்கவே பயம்."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் மௌத்தானார். அந்த இத்தாவைச் சொல்கிறாள்.

"எனக்கு இப்பிடி ஒரு வழி இரிக்கி எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. நீங்களும் வந்தீங்க. நீங்களும் சொல்லல்ல."

நான் போனேன்தான். மூன்று தடவை போனேன். இருட்டில் ஆள் எங்கே என்று கையால் தடவித்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேர்த்து ஊற்றியது. யன்னலில் கறுப்புத் துணி. சுற்றிலும் ஆணி. பார்த்தேன். பொறுமையாக இரு என்று சொன்னேன். தேத்தண்ணி குடித்தேன். வெளியே வந்து, அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் ஹாஜரா, சொல்லல்ல" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஒன்று கவனித்தீர்களா? இருட்டை அனுபவித்து வெளியே வந்தவர்கள்தான் அந்த இருட்டுக்குக் காவல் நிற்கிறார்கள். நான் பட்டேன், நீயும் படு என்று வாயால் யாரும் சொல்வதில்லை. நம்மட ஆக்கள் செய்றது என்று சொல்கிறோம். ஹாஜரா சுத்தியல் தூக்கினாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை… என்னுடையதாக இருக்கலாம்.

அதனால்தான் இந்தக் கிழமை வேறு கதை எழுதாமல் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், எங்காவது ஒரு பெண் இத்தா இருந்தால் போய்ச் சொல்லுங்கள். யன்னலுக்குப் பட்டை ஒன்று, சீலை ஒன்று. பட்டை வாங்க வசதி இல்லையா? ஓலைத் தட்டி போதும். சீலையின் அடியில் ஈயம் இல்லையா? சிறு கற்களை வைத்துத் தையுங்கள். அளவை மட்டும் தங்கூசியால் எடுக்காதீர்கள்.

இத்தா துக்கத்துக்கு. தண்டனைக்கு இல்லை. யாராவது இல்லை என்று சொன்னால், கண்டக்குழிக்கு அனுப்பி வையுங்கள். வீட்டில்தான் இருக்கிறேன், எங்கும் போகமாட்டேன்.

இன்னும் இரண்டு மாதமும் சில நாட்களும் மிச்சம். அத்தனையும் இருப்பேன் — வெளிச்சத்தில்.